மூன்றாவது நாற்காலி

பிள்ளைகளே, நேற்றுக் காலை தபாலாபீசுக்குப் போயிருந்தேன். கல்யாணமாகிப் போன உங்கள் அக்காளுக்கு ஒரு சுங்குடிச் சேலையும் கொஞ்சம் வெங்காய வடகமும் பார்சல் கட்டி எடுத்துப் போனேன். நான் போட்ட கட்டைப் பார்த்து உள்ளே இருந்த பையன் சிரித்துவிட்டான். “பெரியவரே, முடிச்சு மேல அரக்கு வச்சுக் கொண்டாங்க, எடுத்துக்கிறோம்” என்றான். நாற்பத்தெட்டு வயசில் நான் பெரியவர் ஆகிவிட்டேன். சரி, போகட்டும். வாசலில் ஒருவர் மெழுகுவர்த்தியும் அரக்குக் குச்சியுமாக உட்கார்ந்திருக்கிறார். அவர் அரக்கை உருக்கி முடிச்சின் மேல் சொட்டுச் சொட்டாக விட்டபோது அந்த வாடை வந்தது. தீய்ந்த வெல்லம் மாதிரி ஒரு வாடை. மற்றவர்களுக்கு அது தபாலாபீஸ் வாடை. எனக்கு அது கோர்ட்டு வாடை. பார்சலை அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்தும் மூக்கை விட்டுப் போகவில்லை.

நீங்கள் கேட்பீர்கள், சாயக்கடைக்காரனுக்கும் கோர்ட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று. இரண்டு சம்பந்தம் உண்டு. ஒன்று, சிரிக்கிற சங்கதி. இன்னொன்றை இத்தனை வருஷமாக உங்கள் அம்மாவைத் தவிர யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. எனக்குப் படிப்பு மூன்றாவது பாரம் வரைதான். எழுதுவதில் கோணல் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிரிக்கிற சங்கதியை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் அப்பா ஒரு தண்டனை பெற்ற ஆள். சைக்கிளில் விளக்கில்லாமல் போனதற்காக, கடை வைத்த புதுசில், பெஞ்சு கோர்ட்டில் நிறுத்திவிட்டார்கள். பெஞ்சு கோர்ட்டு என்றால் சம்பளம் வாங்காத கௌரவ மாஜிஸ்திரேட்டுகள் மூன்று பேர் சேர்ந்து உட்கார்ந்து சில்லறைக் குற்றங்களை விசாரிக்கிற இடம். அந்த மூவரில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். நான் குற்றத்தை ஒப்புக்கொண்டேன். ஒன்றரை ரூபாய் அபராதம். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கீழே இருந்த குமாஸ்தாவிடம், “அண்ணே, இதுக்கு மேல அப்பீல் பண்ண முடியாதா?” என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“ஒன்றரை ரூவாய்க்கு அப்பீலா? எந்திரிச்சுப் போ மாப்ள, பின்னாடி அம்புட்டுப் பேரு நிக்கிறாக.”

அவ்வளவு சின்னத் தண்டனைக்கு அப்பீலே கிடையாதாம். அன்றைக்குத்தான் எனக்குக் கோர்ட்டுகள் ஓர் ஏணி மாதிரி என்று விளங்கியது. ஊரில் வசவு, கைகலப்பு என்றால் கிராம முன்சீப்பே முடித்துவிடுவார். அதற்கு மேல் தாலுகா சப்மாஜிஸ்திரேட். அவர் ஆறு மாசம் வரை உள்ளே போடலாம். அவர் தீர்ப்பு பிடிக்காவிட்டால் டிவிஷன் ஆபீசரிடம் அப்பீல். அந்தத் துரை ஊர் ஊராக முகாம் போட்டுக்கொண்டு சுற்றுவார். அப்பீல்காரர்களும் வக்கீல்களும் மாட்டுவண்டியில் அவரைத் துரத்திக்கொண்டே போவார்கள். எங்கள் ஊர்ப்பக்கம் நாகமலைப் புதுக்கோட்டைக்கு அருகில் ஒரு தடவை கூடாரம் அடித்தபோது, அப்பீல் கேட்க வந்தவர்களை விட வேடிக்கை பார்க்க வந்தவர்கள்தான் அதிகம். அதற்கும் மேல் பெரிய மாஜிஸ்திரேட். அவர் இரண்டு வருஷம் வரை தண்டிக்கலாம். அவர் தீர்ப்பின் மேல் அப்பீல் ஜில்லா செஷன்ஸ் ஜட்ஜிடம் போகும். கொலை, கொள்ளை மாதிரிப் பெரிய வழக்கு என்றால் மாஜிஸ்திரேட் சாட்சிகளை ஒரு தரம் விசாரித்துவிட்டு, ‘இது என் கைக்கு மிஞ்சியது’ என்று அதே செஷன்ஸ் ஜட்ஜுக்கு அனுப்பிவிடுவார். அதற்கும் மேல் பட்டணத்தில் ஹைகோர்ட்டு. அதற்கும் மேல் சீமையில் ராஜாவின் கவுன்சில் இருந்தது. அது நம்மைப் போன்றவர்களுக்கு நட்சத்திரம் மாதிரி, இருக்கிறது என்று தெரியும், அவ்வளவுதான்.

இந்த ஏணியில் செஷன்ஸ் படியில்தான் எனக்கு ஒரு நாற்காலி போட்டார்கள்.

அந்தக் காலத்தில் கொலை வழக்கை ஜட்ஜ் தனியாக விசாரிப்பதில்லை. ஊரில் கொஞ்சம் எழுதப் படிக்கத் தெரிந்த, வரி கட்டுகிற மூன்று பேரைச் சம்மன் அனுப்பிக் கூப்பிட்டு, தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வார். அவர்களுக்கு அசெசர் என்று பெயர். சாட்சி, வாதம் எல்லாம் முடிந்த பிறகு ஜட்ஜ் அவர்களை ஒவ்வொருவராக எழுப்பி, ‘உன் அபிப்பிராயம் என்ன?’ என்று கேட்பார். கேட்டதை எழுதிக்கொள்வார். அதன்படி தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆனால் கேட்டே ஆக வேண்டும். ஏன் கேட்கிறார்கள் என்று அப்போது எனக்குத் தெரியாது. வெள்ளைக்காரத் துரைக்கு நம் ஊர் வழக்கம் தெரியாதல்லவா. இந்த மண்ணில் பிறந்தவனுக்குத் தெரிந்தது சிலது இருக்கும், அதைச் சொல்லட்டும் என்றுதான். இதைப் பிற்பாடு தெரிந்துகொண்டேன். பிற்பாடு தெரிந்துகொள்வதில் உங்கள் அப்பாவை யாரும் அடித்துக்கொள்ள முடியாது.

சம்மன் வந்தபோது எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம். யுத்தம் வருவதற்குக் கொஞ்ச காலம் முன்பு. டவாலி போட்ட சேவகன் கடை வாசலில் நின்று என் பேரைச் சத்தமாகப் படித்ததும், சைக்கிள் விளக்கு வழக்கைத்தான் மறுபடி கிளப்பிவிட்டார்கள் என்று நினைத்துக் கல்லாவில் ஒன்றரை ரூபாய் தேடினேன். பிறகு அசெசர் என்று தெரிந்ததும் தெருவில் நாலு பேருக்குக் கேட்கும்படி கனைத்துக்கொண்டேன். உங்கள் அம்மா என் வேட்டிக்கு நீலம் போட்டுக் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். விரல்களைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை. நாளெல்லாம் சாயப் பொடியை அளந்து அளந்து நகக்கண் வரை சிவப்பு ஏறியிருந்தது. கொலை வழக்கில் சிவந்த கையோடு போய் உட்கார்ந்தால் நன்றாகவா இருக்கும்? துண்டுக்குள் கையை வைத்துக்கொண்டேன்.

கோர்ட்டு நடந்தது மகாலில், அந்தப் பழைய ராஜா அரண்மனையில். நாலு பேர் கைகோத்தாலும் அணைக்க முடியாத தூண்கள். அந்த உயரத்தில் புறாக்கள் குடும்பம் நடத்தின. வக்கீல் ஆவேசமாகப் பேசும்போது மேலே ஒரு புறா குமுறும். ஜட்ஜ் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அது முடிக்கும்வரை காத்திருப்பார். நல்ல மனுஷர். வழுக்கைத் தலை, சிவந்த கழுத்து, தமிழ் கொஞ்சம் புரியும்.

மூன்று நாற்காலிகளில் முதலில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்ததும் எனக்கு உடம்பு ஒடுங்கிவிட்டது. ஜரிகைக்கடை முதலாளி. எங்கள் தெருவுக்கே பெரியவர். வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவர். வெளியில் எங்களோடு எங்களைப் போலவே பேசுவார். நூலையும் ஜரிகையையும் விரலால் தொட்டே தரம் சொல்வார். என் கல்யாணத்தில் தாலியை எடுத்து என் கையில் கொடுத்தவர் அவர்தான்.

“வாப்பா சாயக்கட. ஒன்னையுமா கூப்பிட்டுட்டாக?” என்று கண்ணைச் சிமிட்டினார். “பயப்படாத. நாங்கதான் இருக்கோம்ல.”

இரண்டாவது நாற்காலியில் ரிடையரான போஸ்ட்மாஸ்டர் ஒருவர். அவருக்குக் காது மந்தம். வயசில் சின்னவன் நான். எனக்கு மூன்றாவது நாற்காலி.

கூண்டில் நின்றவன் பெயர் கருப்பணன். எங்கள் ஊர்ப்பக்கத்து மேற்குச் சீமைக்காரன், எனக்குப் பழக்கமில்லை. என் வயசுதான் இருக்கும். வைகைக் கால்வாயில் முறைத் தண்ணீர் பாய்ச்சுகிற இடம் அவன் ஊர். முறை என்றால், இந்த நேரத்திலிருந்து இந்த நேரம் வரை இன்னார் வயலுக்குத் தண்ணீர் என்று ஊரார் பிரித்து வைத்திருப்பது. அன்று சூரியன் கிளம்பினால் கருப்பணன் முறை. அவன் போனபோது பக்கத்து வயல்காரன் சடையன் தன் மடையை அடைக்காமல் தண்ணீரை விட்டுக்கொண்டே இருந்தான். வாய்ச் சண்டை. சடையன் இவன் தாயாரைச் சொல்லி ஒரு வார்த்தை விட்டான். கருப்பணன் மண்வெட்டியைத் திருப்பி அதன் பின்புறத்தால் ஓங்கி அடித்தான். ஒரே அடி. சடையன் மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் செத்துப்போனான்.

அடித்ததைக் கருப்பணன் மறுக்கவில்லை. மறுக்காததால் வழக்கு ஒரே கேள்வியில் வந்து நின்றது. ஆத்திரத்தில் கை ஓங்கியதா, கொல்ல வேண்டும் என்றே போனதா? முன்னதாக இருந்தால் சில வருஷம் ஜெயில். பின்னதாக இருந்தால் கயிறு.

மேஜையின் மேல் அந்த மண்வெட்டி இருந்தது. காம்பில் ஒரு சீட்டைக் கட்டி, கட்டின் மேல் அரக்கு முத்திரை வைத்திருந்தார்கள். சாட்சியிடம் காட்டுவதற்காக அதை ஒவ்வொரு தடவை எடுக்கும்போதும், வைக்கும்போதும், ஒரு குமாஸ்தா புதுசாக அரக்கை உருக்கினார். மூன்று நாளும் அந்த வாடைதான்.

சர்க்கார் வக்கீல் கெட்டிக்காரர். பழைய வரப்புத் தகராறு ஒன்றைக் கிளப்பினார். பிறகு மண்வெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டார்: “இவன் வயல் மடையும் ஏற்கனவே திறந்திருந்தது என்று எல்லாச் சாட்சிகளும் சொல்கிறார்கள். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. திறந்த மடைக்குப் போகிறவனுக்கு இது எதற்கு? வெட்ட அங்கே மண் இல்லை. வெட்ட ஆள்தான் இருந்தான்.”

கோர்ட்டே ஆகா என்றது. ஜட்ஜ் குனிந்து எழுதினார்.

பிள்ளைகளே, உங்களில் ஒருவரும் வயலில் இறங்கியதில்லை, அதனால் சொல்கிறேன். மடை திறந்திருந்தால் மட்டும் வயல் நனைந்துவிடாது. மேல் வயல்காரன் மடையை மண் போட்டு அடைக்க வேண்டும். பிறகு ஒரு பாத்தி நிறைந்ததும் அதன் வாயை அடைத்து அடுத்த பாத்தியின் வாயை வெட்டிவிட வேண்டும். முறை முடியும்வரை வெட்டுவதும் அடைப்பதும்தான் வேலை. மண்வெட்டி இல்லாமல் தண்ணீர் பாய்ச்சப் போவது, ஊசியில்லாமல் தைக்கப் போவது மாதிரி. பதினைந்து வயசு வரை நான் செய்த வேலை அது. எனக்கு அந்த நிமிஷமே நெஞ்சில் முள் குத்தியது. அவன் வக்கீல் எழுந்து இதைச் சொல்லப்போகிறார் என்று பார்த்தேன். அவர் சர்க்கார் செலவில் ஏழைக்காக நியமித்த இளம் வக்கீல். நல்ல இங்கிலீஷில், ஒரே அடிதானே அடித்தான் என்று உருக்கமாகப் பேசினார். மண்வெட்டியைப் பற்றி வாயே திறக்கவில்லை. கருப்பணனைக் கேட்டபோது அவன், “தண்ணி பாய்ச்சத்தான் போனேன் எசமான்” என்பதையே மூன்று தரம் சொன்னான். மண்வெட்டி ஏன் என்று விளக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. நடந்து வந்தவனிடம் கால் எதற்கு என்று கேட்டால் அவன் என்ன சொல்வான்?

இரண்டாம் நாள் மத்தியானம் கைகழுவப் போனபோது தூணோரமாக ஒருத்தி எழுந்து நின்றாள். இடுப்பில் கைக்குழந்தை. கருப்பணன் பெண்சாதி.

“ஐயா, நீங்க அந்த நாக்காலிக்காரவுகதானே? உள்ள என்ன பேசுறாகன்னு ஒண்ணும் வெளங்கல. ஆளு வந்துருவாராய்யா?”

அசெசர்கள் கட்சிக்காரர்களோடு பேசக் கூடாது. “பேசப்படாதும்மா” என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தேன். குழந்தை என் துண்டின் நுனியைப் பிடித்துக்கொண்டது. அதை விடுவிக்கத் துண்டை மெல்ல இழுக்க வேண்டியிருந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் உங்கள் அம்மா கட்டிக் கொடுத்த புளியோதரையை நான் தொடவில்லை. என் பங்கு வார்த்தையை மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ‘தண்ணி பாய்ச்சப் போறவன் மம்பட்டி இல்லாமப் போக மாட்டான் துரை.’ இவ்வளவுதான். துரை என்பதை முதலில் வைப்பதா கடைசியில் வைப்பதா என்று வேறு யோசனை.

ஜட்ஜ் எங்கள் பக்கம் திரும்பினார். முதலாளி எழுந்தார். “ஆளு செத்தது இவன் கையாலதான் தொரை. தெறந்த மடைக்கு மம்பட்டியோட போயிருக்கான். திட்டம் போட்டுத்தான் போயிருக்கான். கொலைதான்.” போஸ்ட்மாஸ்டர் எழுந்து, “நானும் அப்படித்தான் நினைக்கிறேன்” என்றார். அவர் காதில் என்ன விழுந்ததோ, கடவுளுக்கே வெளிச்சம்.

நான் எழுந்தேன். கூண்டிலிருந்து கருப்பணன் என்னையே பார்த்தான். நான் வாயைத் திறந்தேன். அந்த நேரம் முதலாளி தலையைத் திருப்பி என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார். தைரியமாகச் சொல்லு என்பது போன்ற பார்வைதான். அதில் ஒரு மிரட்டலும் இல்லை. ஆனால் எனக்குத் தாலி எடுத்துக் கொடுத்த கை கண்ணில் பட்டது. ஊரே கூடியிருக்கும் இடத்தில், பெரியவர் சொன்னதைச் சின்னவன் தப்பு என்பதா? எங்கள் தெருவில் பஞ்சாயத்து என்றாலும் சரி, கல்யாணப் பேச்சு என்றாலும் சரி, முதலில் பெரியவர் பேசுவார், மற்றவர்கள் அதையே சொல்லி உட்காருவோம். அதுதான் மரியாதை. அந்தப் பழக்கம் என் நாக்கைத் திருப்பிவிட்டது.

“மொதலாளி சொன்னதுதான் தொரை என் அபிப்பிராயமும்.”

மொழிபெயர்ப்பவர் அதை ஒரே ஓர் இங்கிலீஷ் சொல்லில் சொல்லி முடித்துவிட்டார். ஜட்ஜ் ஒரு விநாடி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார், இன்னும் ஏதோ வரும் என்பது போல. வரவில்லை. எழுதிக்கொண்டார்.

மறுநாள் தீர்ப்பு. சாகும்வரை தூக்கில் தொங்கவிட வேண்டும் என்று படித்தார்கள். மொழிபெயர்ப்பவர் அதே மூச்சில், “ஏழு நாளைக்குள்ள அப்பீல் பண்ணிக்கலாம்” என்றார். கருப்பணன், “ஏழு நாளா?” என்று மட்டும் கேட்டான்.

வீட்டுக்கு வந்து உங்கள் அம்மாவிடம் சொன்னேன். அவள் முறத்தை வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

“வாய்க்கா வரப்புலயே கெடந்து வளந்தீகள்ல? அதச் சொல்ல வாய் வரலையா?”

“மொதலாளி முன்னாடி எப்படி…”

“மொதலாளிக்கா தூக்கு? அந்தப் புள்ளைக்குத்தான அப்பன் இல்லாமப் போகுது.”

அன்று சாயங்காலமே இளம் வக்கீல் வீட்டுக்குப் போனேன். என் அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. நாற்காலி போட்டு உட்கார வைத்தார். சொன்னது பதிவாகிவிட்டது, இனி மாற்ற முடியாது என்றார். சரி, அபிப்பிராயம் போகட்டும், காரணத்தையாவது கேளுங்கள் என்று பாத்தி, மடை, மண்வெட்டி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

“அடடா, இதை நான் ஒரு சாட்சியிடமும் கேட்கவே இல்லையே! நான் டவுனிலேயே வளர்ந்தவன் ஐயா. மண்வெட்டியைக் கையால் தொட்டதில்லை.”

அவர்தான் எனக்கு மேல்கோர்ட்டின் வழியைச் சொன்னார். தூக்கு விதித்தால், யாரும் அப்பீல் செய்யாவிட்டாலும், காகிதங்கள் எல்லாம் ஹைகோர்ட்டுக்குப் போய்த்தான் தீர வேண்டும். அங்கே இரண்டு ஜட்ஜுகள் படித்து, சரி என்று ஒப்பினால்தான் தூக்கு. அதோடு ஜெயிலிலிருந்தே கைதி ஓர் அப்பீல் மனுவும் போடலாம். “ஆனால் அங்கே சாட்சி போவதில்லை, கருப்பணன் போவதில்லை, நீங்களும் நானும் போவதில்லை. காகிதம் மட்டும்தான் போகும். கீழே பேசாதது மேலே தெரியாது” என்றார். அதைச் சொல்லிவிட்டு, பேசாத ஆளிடமே சொல்லிவிட்டோமே என்று அவருக்கே சங்கடமாகிவிட்டது. சட்டென்று பேனாவை எடுத்துக்கொண்டார். உங்கள் பெயரை எழுத மாட்டேன், காரணத்தை எழுதுகிறேன் என்று, நான் சொல்லச் சொல்ல அப்பீலின் முதல் காரணமாக அதை எழுதினார். ஜெயிலுக்குப் போய்க் கருப்பணனிடம் ரேகை வாங்கி அனுப்பினார். பட்டணத்தில் வாதிக்கிற வக்கீலுக்கும் ஒரு நீளமான கடுதாசி போட்டார்.

அதற்குப் பிறகு இரண்டு மாசம். நான் சாயம் அளந்து கொடுத்ததில் பச்சை கேட்டவருக்கு நீலம் போனது, நீலம் கேட்டவருக்கு ஊதா போனது. வாரத்துக்கு ஒரு தரம் வக்கீல் வீட்டு வாசலில் போய் நிற்பேன். அவர் ஜன்னலுக்குள்ளிருந்தே கையை விரிப்பார்.

ஒரு நாள் அவரே கடைக்கு வந்தார். கையில் தட்டச்சுக் காகிதம். “தூக்கு இல்லை” என்றார் முதலில். நான் கல்லாவைப் பிடித்துக்கொண்டேன். கொலை இல்லை, ஆத்திரத்தில் விளைந்த மரணம் என்று மாற்றி ஏழு வருஷம் போட்டிருந்தார்கள். ஒரே அடி, அதுவும் பின்புறத்தால் என்பதுதான் அவனைக் காப்பாற்றியது. நான் மண்வெட்டிக் காரணம் என்னவாயிற்று என்று கேட்டேன். அவர் படிக்கத் தயங்கினார். நான் விடவில்லை. அவர் தமிழாக்கிச் சொன்னார்.

‘பாசனத்துக்குப் போகிறவன் மண்வெட்டி கொண்டுபோவது சகஜம் என்று இப்போது சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் அந்த ஜில்லாவிலேயே பிறந்து வளர்ந்த மூன்று அசெசர்கள் அங்கே இருந்தார்கள். அப்படி ஒரு வழக்கம் இருந்தால் அவர்களுக்குத் தெரியாமல் இருக்காது. அவர்களில் ஒருவருக்குக்கூட அது சொல்லத் தோன்றவில்லை. ஆகையால் இந்தக் காரணத்துக்கு நாங்கள் அதிக மதிப்புக் கொடுக்க முடியவில்லை.’

காகிதத்தில் என் வார்த்தை போகவில்லை. என் மௌனம் போய்ச் சேர்ந்துவிட்டது.

“அது எடுபட்டிருந்தால் இரண்டு, மூன்று வருஷத்தில் முடிந்திருக்கும்” என்றார் வக்கீல். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “உயிர் தப்பிவிட்டதே, அதை நினையுங்கள்” என்றார்.

இதை முதலாளியிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒரு நாள் அவர் கடைக்கே போய்ச் சொன்னேன். அவர் ஜரிகைக் கட்டை நழுவவிட்டுவிட்டார்.

“எனக்கு மம்பட்டியப் பத்தி என்னப்பா தெரியும்? வக்கீலு சொன்னாரு, சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன். நீ வயக்காட்டுக்காரன். நீ எந்திரிச்சுச் சொல்லியிருந்தா, தொரை, நான் சொன்னது தப்பு, இவன் சொல்றதுதான் சரின்னு அங்கயே சொல்லியிருப்பேனே.”

அவர் அப்படிச் சொல்லியிருப்பார். அப்படிப்பட்டவர்தான். நான் அவருக்குக் கொடுத்ததாக நினைத்த மரியாதையில் அவரையும் சேர்த்துத்தான் கவிழ்த்திருக்கிறேன்.

யுத்தம் நடந்துகொண்டிருக்கும்போது இன்னொரு தரம் எனக்குச் சம்மன் வந்தது. அது ஒரு கொள்ளை வழக்கு. இந்தத் தடவை விடுவேனா? என் முறை வந்ததும் எழுந்து, கதவு, தாழ்ப்பாள், தெருவின் அகலம், நாய் குரைத்தது, குரைக்காதது எல்லாவற்றையும் பற்றிக் கால்மணி நேரம் பேசினேன். புது ஜட்ஜ், நம்மவர். “ஐயா, போதும். குற்றவாளியா, இல்லையா?” என்றார். கோர்ட்டே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தேன். ஆனால் கடன் தீர்ந்த மாதிரி இல்லை.

யுத்தம் முடிந்த மறுவருஷம் சித்திரைத் திருவிழாச் சமயம். ஊரிலிருந்து என் தம்பி உழவுமாடு வாங்க வந்தான். அவனோடு மாட்டுத்தாவணிச் சந்தைக்குப் போனேன். ஒரு மயிலைக் காளையின் பல்லைத் தம்பி பார்த்துக்கொண்டிருந்தான். கயிற்றைப் பிடித்திருந்த ஆள் காளையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். தலை பாதி நரைத்திருந்தது. பக்கத்தில் ஒரு சிறுமி காளைக்கு வைக்கோல் நீட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு ஆள் அடையாளம் தெரிந்துவிட்டது.

“ஐயா, மகால் கோர்ட்டுல மூணாவது நாக்காலியில இருந்தவுக நீங்கதானே?” என்றான் அவன்.

ஆமாம் என்று தலையாட்டினேன்.

“மொத ரெண்டு பேரு சொன்னதுமே முடிஞ்சுபோச்சுன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நீங்க எந்திரிச்சு வாயத் தொறந்தீக. ஏதோ சொல்லப் போறாகன்னு நெனச்சேன்.”

“சொல்லல” என்றேன்.

“சொல்லல” என்றான் அவனும். குரலில் கோபமே இல்லை. வெயில் அதிகம் என்று சொல்வது போலச் சொன்னான். காளையின் கழுத்தைத் தடவிக்கொடுத்தான். “உள்ள இருந்தப்ப எம்புட்டோ தடவ நெனச்சுப் பாத்திருக்கேன். அப்படி என்னதான் சொல்ல வந்தீக?”

மாடுகளின் சத்தத்துக்கும் தரகர்களின் கூச்சலுக்கும் நடுவில், ஏழெட்டு வருஷம் கழித்து, அந்த வார்த்தையைச் சொன்னேன்.

“தண்ணி பாய்ச்சப் போறவன் மம்பட்டி இல்லாமப் போக மாட்டான்னு சொல்ல வந்தேன்.”

கருப்பணன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். இவ்வளவுதானா என்பது போன்ற பார்வை. பிறகு சிரித்தேவிட்டான்.

“பெறகு? வெறுங்கையோடயா போவான்?”

அவன் மகளும் சிரித்தாள். வயல்காட்டுப் பிள்ளை, அவளுக்குக்கூட அது தெரிந்திருந்தது. தம்பி பேரம் பேசாமல் அந்தக் காளையை வாங்கினான். நான் அவன் கையைக் கிள்ளியதால்தான். கருப்பணன் கயிற்றை மாற்றிக் கொடுத்துவிட்டு, “வாரேன்யா” என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். மகள் அவனுக்கு முன்னால் ஓடினாள். அவன் உள்ளே போனபோது அவள் நடக்கப் பழகவில்லை.

சுயராஜ்யம் வந்து கொஞ்ச வருஷத்தில் அசெசர் முறையை எடுத்துவிட்டார்கள். ஒரு நாள் ஏதோ வேலையாக மகாலுக்குப் போனபோது எட்டிப் பார்த்தேன். மூன்று நாற்காலிகளும் இல்லை. இப்போது ஜட்ஜ் தாமே கேட்டு, தாமே எழுதி, தாமே தீர்ப்புச் சொல்கிறார். மேலே அப்பீல் போகிறது, அதற்கும் மேலே டில்லியில் ஒரு கோர்ட்டு வந்திருக்கிறது. எல்லாம் முன்னைவிடச் சீராகத்தான் நடக்கிறது என்கிறார்கள். சாயக்கடைக்காரனையும் ஜரிகைக்கடைக்காரரையும் காது கேளாத போஸ்ட்மாஸ்டரையும் எழுப்பி நிறுத்தி, ‘உனக்கு என்ன தோன்றுகிறது?’ என்று ஒரு ஜட்ஜ் கேட்ட காலம் மட்டும் போய்விட்டது. போனது நல்லதுதான் என்று வக்கீல்கள் சொல்கிறார்கள். இருக்கலாம். என்னைப் போல மூன்று பேர் உட்கார்ந்திருந்தால் அந்த நாற்காலிகள் இருந்தென்ன, போயென்ன?